படிவ விதியும் மொழி வகையும்: வல்வெட்டித்துறைக் கப்பற்பதிவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் தான் கையாளும் பொருள்களை எவ்வாறு பதிவு செய்கின்றது என்ற வினாவை, அப்பொருள்களை உடைமை கொள்வோர் யார், அவற்றுக்குக் கணக்கெழுதுவோர் யார் என்ற வினாக்களினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. இலக்கிய ஆராய்ச்சியாளர் கணினித்துறை பற்றிப் பேசப்புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், நாம் இங்கு எடுத்துக்கொள்வது அடிப்படையில் ஒரு மொழிபெயர்ப்புப் பிரச்சினையாகும். விதிகளின் மொழியில் எழுதப்பட்ட ஒன்றை வகைகளின் மொழிக்கு மாற்றும்பொழுது எது வந்து சேர்கின்றது, எது விடுபடுகின்றது, விடுபட்டதன் சுமை யார் தலையில் விழுகின்றது என்பனவே நம் வினாக்கள்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தரவு ஒன்று கணினிக்குள் நுழையும் வாயிலில் அதனைச் சோதிக்கும் விதித்தொகுதி ஸ்கீமா எனப்படும். இதனை நாம் படிவ விதி என்போம். இக்கட்டத்தில் எண் வரவேண்டும், அவ்வெண் ஒன்றுக்குக் குறையலாகாது, அடுத்த கட்டம் வெறுமையாக இருத்தலாகாது என்பன போன்றவை படிவ விதிகள். செய்நிரல் மொழி ஒவ்வொன்றும் தன்னுள்ளே பெறுமானங்களைப் பகுத்து வைத்திருக்கும் முறை வகை எனப்படும். முழுவெண், எழுத்துச்சரம் முதலியன எளிய வகைகள். படிவ விதி வாயிற்காவலனை ஒத்தது. வருபவரைச் சோதித்து உள்ளே விட்டபின் அவரைப்பற்றிய நினைவு அதற்கில்லை. வகையோ தரவின் கூடவே உள்ளே செல்வது. நிரலின் எந்த மூலையில் நின்று கேட்டாலும் இஃது இன்னது என்று அது விடை கூறும். ஒரே செய்தியை ஈரிடத்தில் எழுதுவது வீண்வேலை. காலப்போக்கில் இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதும் தவிர்க்கவியலாதது. ஆகவே படிவ விதியிலிருந்து வகையைத் தாமாகவே ஆக்கித்தரும் கருவிகள் தோன்றின. அக்கருவிகள் செய்வது மெய்யான மொழிபெயர்ப்புத்தானா என்பதை ஆராய, கணினிக்கு முற்பட்டதும் நம் மண்ணுக்கு அணுக்கமானதுமான ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வது பயன்தரும்.

வடமராட்சிக் கரையிற் பருத்தித்துறைக்கு மேற்கே அமைந்த வல்வெட்டித்துறை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பாய்க்கப்பல்களைக் கட்டியும் செலுத்தியும் வாழ்ந்த ஊர். ஓடாவிகள் கரையிலே கட்டிய கப்பல்களைத் தண்டையல்கள் நாகபட்டினத்துக்கும் வங்கக் கடலைக் கடந்து றங்கூனுக்கும் கொண்டு சென்றனர். பர்மாவின் அரிசியும் தேக்கும் இவ்வழியே வந்திறங்கின. இவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சனால் வாங்கப்பட்டு, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் புதுப்பெயர் பெற்று, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோசெஸ்ரர் துறையை அடைந்த செய்தியைப் பலரும் பெருமையோடு எடுத்துரைப்பர். அப்பெருமையை நாம் மறுக்கவில்லை. எனினும் கப்பலின் வீரப்பயணத்தைப் பேசுவோர் அதன் ஏடுகளைப் பேசுவதில்லை. கப்பல் மரத்தால் மட்டும் ஆனதன்று. அது பதிவேட்டின் ஒரு வரியுமாகும்.

அப்பதிவேட்டின் இலக்கணத்தை வகுத்தது பிரித்தானியப் பேரரசின் 1894ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம். கப்பற்பதிவு பற்றிய அதன் முதற்பகுதி பேரரசின் ஆள்புலம் முழுவதற்கும் உரியதாக இயற்றப்பட்டது. இலங்கையும் அதனுள் அடங்கியது. அச்சட்டத்தின் உடைமை விதிகளை ஊன்றிப் பார்த்தால், இன்று கணினிப் பொறியியலாளர் எழுதும் படிவ விதிக்கும் அதற்கும் உருவத்திற் பெரும் வேறுபாடில்லை என்பது புலப்படும். கப்பலின் உடைமை 64 பங்குகளாகப் பிரிக்கப்படும். ஒரே வேளையில் 64 பேருக்கு மேற்பட்டோர் உடைமையாளராகப் பதியப்படலாகாது. ஒரு பங்கின் கூறொன்றுக்கு எவரும் உடைமையாளராகப் பதியப்படலாகாது. ஐவருக்கு மேற்படாதோர் கூட்டாக ஒரு கப்பலுக்கோ பங்குக்கோ உடைமையாளராகலாம். அவ்வாறு கூடியோர் எண்ணிக்கையில் ஒருவராகவே கொள்ளப்படுவர். கூட்டுத்தாபனம் தன் பெயராலேயே பதியப்படலாம். உடைமையாளர் பிரித்தானியக் குடியாக, அல்லது பேரரசுக்குள் நிறுவப்பட்ட தாபனமாக இருத்தல் வேண்டும். கரையோரத் தொழிலில் மட்டும் ஈடுபடும் 15 தொன்னுக்கு மேற்படாத கலங்களுக்குப் பதிவு கட்டாயமன்று. எனவே மீன்பிடிக்கும் வள்ளமும் கட்டுமரமும் ஏட்டுக்கு வெளியே நின்றன. அவற்றை நம்பி வாழ்ந்தவர்களும் அவ்வாறே.

அறுபத்துநான்கு என்பது ஆறுமுறை இருகூறாக வெட்டத்தக்க எண். பாதி, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதிப்பாதியாய் இறங்கும் கணக்குக்கு இயைபானது. மூன்றால் வகுபடாதது. இங்குதான் இரு உடைமைமுறைகளின் மோதல் வெளிப்படுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்பாராற் தொகுக்கப்பட்டு, 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயரும் ஏற்றுக்கொண்ட தேசவழமை, யாழ்ப்பாணத்து உடைமையை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்தது. கப்பல் முழுவதும் உடைய ஒருவர் மூன்று ஆண்மக்களை விட்டு இறக்கின்றார் என்று கொள்வோம். பழைய வழமைப்படி முதுசம் மூவருக்கும் ஒப்பப் பிரியவேண்டும். ஏட்டிலோ ஒவ்வொருவருக்கும் 21 பங்கு எழுதியபின் ஒரு பங்கு எஞ்சும். அதனை மூன்றாக்க முடியாது. மூவர் பெயரிலும் கூட்டாக எழுதலாம். மக்கள் அறுவராயின் பத்துப்பத்தாக எழுதியபின் நான்கு பங்கு எஞ்சும். ஆறுபேர் கூட்டாக ஒரு பங்கைப் பதிவதும் விதிக்கு மாறு. எனவே மும்மூவராகக் கூடி இவ்விரண்டு பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். வழமையின் சமத்துவம் கெடவில்லை. ஆனால் அறுவரும் ஓரணியாக நிற்கும் உறவு இரண்டாக உடைந்துவிடுகின்றது. படிவ விதி மக்களின் உறவை விவரிப்பதோடு நில்லாது அதனைத் திருத்தியும் அமைக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி இவ்விதித்தொகுதியை இன்று பெருவழக்கிலுள்ள ஒரு கருவியின்வழி மொழிபெயர்த்துப் பார்ப்போம். படிவ விதியை ஜேசன் ஸ்கீமாவிலும் வகையை ரைப்ஸ்கிரிப்ற் மொழியிலும் எழுதுவதாகக் கொள்வோம். உடைமையாளர் என்பவர் தனியாள், கூட்டாளர், தாபனம் என்ற மூன்றில் ஒருவர் என்ற விதி மிக அழகாக வகையாகின்றது. மூன்று உருவங்களை ‘அல்லது’ என்னும் உறவால் இணைத்துவிட்டால், தாபனத்துக்குப் பிறந்த திகதி கேட்கும் நிரலைத் தொகுப்பியே தடுத்துவிடும். இவ்விடத்தில் வகையின் மொழி படிவத்தின் மொழியைவிடத் தெளிவானது. கட்டாயக் கட்டமும் விருப்பக் கட்டமும் அவ்வாறே சேதமின்றி வந்து சேர்கின்றன. பங்கு என்பது 1 முதல் 64 வரையான முழுவெண் என்ற விதிக்கு வரும்பொழுது நிலைமை மாறுகின்றது. கருவி தருவது ‘எண்’ என்ற ஒரு சொல் மட்டுமே. அந்த ‘எண்’ணுக்குள் 65 அடங்கும், அரை அடங்கும், கழித்தல் மூன்றும் அடங்கும். ஒரு பங்கைக் கூறிடலாகாது என்று சட்டம் வற்புறுத்திய அதே இடத்தில், எத்தனை கூறாகவும் வெட்டலாம் என்று வகை இடங்கொடுக்கின்றது. பங்குகளின் கூட்டுத்தொகை 64 ஆதல் வேண்டும் என்ற விதியோ, ஜேசன் ஸ்கீமாவின் வழக்கமான சொற்களாலும் எழுதத்தக்கதன்று.

இஃது இயற்கையின் நியதியா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1959இல் அமைக்கப்பட்ட குழுவொன்று வகுத்த கோபோல் மொழியில், ஒரு கட்டம் எத்தனை இலக்கங் கொண்டது, எங்கே எழுத்து வரும், எங்கே எண் வரும் என்பதைப் ‘பிக்சர்’ என்ற வாசகத்தால் வரைந்து காட்டினர். துளையட்டையின் 80 நிரல்களையும் அலுவலகப் படிவத்தின் கட்டங்களையும் கண்முன் வைத்து எழுந்த மொழி அது. அங்கே படிவமும் வகையும் இன்னும் பிரியவில்லை. 1970இல் நிக்லவுஸ் வேர்த் வெளியிட்ட பஸ்கால் மொழியில் ‘1 முதல் 64 வரை’ என்பதையே ஒரு வகையாக அறிவிக்கலாம். 1980களின் ஏடா மொழியும் அவ்வசதியை வளர்த்தது. பின்னர் வலைத்தளங்களின் தேவைக்காக 1995இல் விரைந்து உருவாக்கப்பட்ட யாவாஸ்கிரிப்ற், முன்கூட்டி வகையை அறிவிக்கும் வழக்கத்தையே கைவிட்டது. அதன் வழியில் ஜேசன் என்ற எளிய தரவுவடிவம் பரவியது. எளிமையின் விலையைச் செலுத்தும் காலம் வந்தபொழுது, 2009இல் ஜேசன் ஸ்கீமாவின் முதல் வரைவும், 2012இல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்திடமிருந்து ரைப்ஸ்கிரிப்ற்றும் வெளிவந்தன. ரைப்ஸ்கிரிப்ற்றின் முதன்மைச் சிற்பியான அண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பேர்க், 1983இல் ரேர்போ பஸ்காலின் தொகுப்பியை எழுதியவர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. தம் இளமையில் ஒரு வரியில் எழுதவிட்ட வரம்பை, அவருடைய பிற்கால மொழியில் 64 எண்களையும் ‘அல்லது’, ‘அல்லது’ என்று ஒவ்வொன்றாய் அடுக்கினாலன்றி எழுத முடியாது. ஒருவரின் திறமை குறைந்துவிட்டதன்று காரணம். ஏற்கெனவே எழுதிக் குவிந்து கிடந்த யாவாஸ்கிரிப்ற் நிரல்களை, அதாவது இறந்த உழைப்பின் பெருங்குவியலை, அப்படியே ஏற்றுக்கொண்டு அதன்மேல் வகையைப் போர்த்தவேண்டிய நிலையே காரணம். உற்பத்திக் கருவிகள் பின்னோக்கியும் நகரும் என்பதற்குக் கணினி வரலாறு தரும் சான்றுகளில் இஃதொன்று.

இம்மொழிபெயர்ப்பின் இடர்ப்பாட்டுக்கு இன்னோர் ஆழ்ந்த காரணமும் உண்டு. படிவ விதி விலக்கிச் செல்வது. வகை கட்டிச் செல்வது. ஜேசன் ஸ்கீமாவில் ஒன்றும் எழுதாத வெற்று விதி உலகிலுள்ள எல்லாத் தரவையும் ஏற்கும். எழுத எழுத ஏற்பு சுருங்கும். ‘ஒன்றுக்குக் குறையலாகாது’ என்று மட்டும் எழுதி, வருவது எண்ணாக வேண்டும் என்று எழுத மறந்தால், ‘அன்னபூரணி’ என்ற எழுத்துச்சரமும் செல்லுபடியாகும். ஏனெனில் அவ்விதி எண்களை மட்டுமே கட்டுப்படுத்துவது. வகையிலோ சொல்லாதது இல்லாததாகும். ஆகையால் முன்னதைப் பின்னதாக மாற்றும் கருவி, எழுதியவரின் உள்ளக்கிடக்கையை ஊகிக்கவேண்டியதாகின்றது. உரையாசிரியரின் தொழிலும் இதுதானே.

தமிழிலக்கண மரபில் இவ்விரு நோக்குகளும் தொடக்கந்தொட்டே அருகருகே இருந்து வந்துள்ளன. தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்ற பகுப்போடு தொடங்குகின்றது. திணை பெயரோடு கூடப்பிறந்தது. வினைமுற்று அதற்கு இயைய நிற்கவேண்டும். இது வகை. நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுவைக் கூறி, வழாநிலை, வழுவமைதி என்பவற்றைப் பிரித்தது படிவ விதியின் போக்கு. வழுவமைதி என்ற கருத்தாக்கத்தை நாம் சிறப்பாகச் சுட்ட விரும்புகின்றோம். பிழையென்று அறிந்தே, காரணம் காட்டி ஏற்கும் இடம் அது. ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே விடையுள்ள கணினிச் சோதனையில் அதற்கு இடமில்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. மொழிக்கு முதலில் வராத எழுத்தோடு பிறமொழிச் சொல் ஒன்று வாயிலில் வந்து நிற்கையில், தமிழ் அதனை வெறுமனே தள்ளிவிடவில்லை. சோதித்து அப்படியே உள்ளே விடவுமில்லை. ராமன் இராமனாகவும் லோகம் உலோகமாகவும் உருமாறின. உருமாறியபின் அச்சொல்லை எங்கே கண்டாலும் மீண்டும் சோதிக்க வேண்டியதில்லை. சோதனையின் முடிவு சொல்லின் உடம்பிலேயே பதிந்துவிட்டது. 2019இல் அலெக்சிஸ் கிங் என்ற நிரலாளர் எழுதிப் பெரிதும் பேசப்பட்ட கட்டுரையொன்று, தரவைச் சோதிப்பதோடு நில்லாது சோதனையின் பயனைத் தாங்கும் புதிய வகையாக மாற்றிவிடுக என்று வற்புறுத்திற்று. தற்பவத்தை அறிந்த நம் இலக்கணகாரருக்கு அது புதிதாய்த் தோன்றியிராது.

கப்பற் சட்டமும் இதனை அறிந்திருந்தது. பதிவுக்கு முன்னர் கப்பலின் பெயர் முன்புறத்து இருமருங்கும், பெயரும் பதிவுத்துறையும் பின்புறத்தும் நான்கு அங்குலத்துக்குக் குறையாத எழுத்துக்களாற் குறிக்கப்படல் வேண்டும். இவற்றுக்கும் மேலாக, கப்பலுக்கு வழங்கப்பட்ட அரசாங்க எண்ணும் அதன் பதிவுத்தொன்னும் முதன்மை விட்டத்திலே வெட்டிப் பொறிக்கப்படல் வேண்டும். அளவையாளர் கரையில் நின்று பார்த்தது வாயிற்சோதனை. விட்டத்தில் வெட்டிய எண்ணோ கப்பல் எத்துறைக்குச் சென்றாலும் கூடவே சென்றது. ஏடு கொழும்பில் இருக்கலாம், றங்கூன் துறையதிகாரி விளக்கைத் தூக்கி விட்டத்தைப் பார்த்தாற் போதும். இன்றைய நிரலாளர் வெறும் எண்ணுக்கு ஒரு முத்திரையை ஒட்டி, முத்திரை பெறாத எண் எதுவும் பங்காக எண்ணப்படாதவாறு செய்வது இந்த விட்டத்து வெட்டை ஒத்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ரைப்ஸ்கிரிப்ற்றின் வகைகள் தொகுக்கும்பொழுதே அழிந்துவிடுகின்றன. ஓடும் நிரலில் அவற்றின் தடம் இல்லை. கடலில் இறங்கியதும் மறையும் வெட்டு அது. அதனாற்றான், வெளியிலிருந்து வரும் தரவுக்கு வாயிற்சோதனை இன்றியமையாததாகின்றது. 2020இல் வெளிவந்த ‘சொட்’ போன்ற நூலகங்கள் விதியை மொழிக்குள்ளேயே எழுதி அதிலிருந்து வகையை வருவித்து, சோதனையையும் பெயரையும் ஓரிடத்தில் வைத்தமை இத்தேவையினாலேயாகும்.

பதிவுத்தொன் பற்றி ஒரு வார்த்தை. 1854ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூர்சம் முறை ஏற்கப்பட்டதிலிருந்து, பதிவுத்தொன் நிறையைக் குறிப்பதன்று. நூறு கன அடி கொள்ளளவே ஒரு தொன். ஓடாவிக்குக் கப்பல் என்பது மரமும் வளைவும் பாயுமாகும். தண்டையலுக்கு அது எத்தனை மூடை அரிசி ஏற்றும் என்பதாகும். துறைமுகவரி விதிப்போருக்கு அது வெறும் கொள்ளளவு. பயன்மதிப்புக்களின் பன்மை கரைந்து ஒற்றை அளவாகும் இந்நிகழ்வை மாக்ஸ் பண்டத்தில் வைத்து விளக்கினார். வகைகளும் அவ்வாறான அருவமாக்கலே. நிறைக்குரிய தொன்னும் கொள்ளளவுக்குரிய தொன்னும் ‘எண்’ என்ற ஒரே வகைக்குள் கிடக்கையில் இரண்டையும் கூட்டுவதை எந்தத் தொகுப்பியும் தடுக்காது. 1999இல் அமெரிக்க விண்கலமொன்று செவ்வாய்க் கோளை அண்மித்து அழிந்தது இத்தகைய மயக்கத்தால்: ஒரு தரப்பு இறாத்தல் அளவையிலும் மறுதரப்பு நியூட்டன் அளவையிலும் தந்த எண்கள் வெறும் எண்களாகவே கைமாறின.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, வகை வலிமையுற்றால் எல்லாம் செம்மையுறும் என்ற முடிவுக்கு விரைதல் ஆகாது. செல்லுபடி என்பதே வரலாற்றினால் நிர்ணயிக்கப்படுவது. வல்வெட்டித்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையிலான கடல் ஒரே பேரரசின் உட்கடலாயிருந்தவரை அவ்வழி சென்ற சரக்கு வணிகச் சரக்கு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் சுங்க எல்லைகளும் வந்தபின், அதே தோணி, அதே காற்று, அதே துணிமூடை ‘கள்ளக்கடத்தல்’ என்ற வகைக்குள் வந்துவிட்டது. தோணியில் மாற்றம் எதுவுமில்லை. விதியே மாறியது. அதே குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பெருந்தொகையாய் நாடற்றோராக்கியதையும் இங்கு நினைவு கூர்தல் தகும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று: 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டையின் எண் ஒன்பது இலக்கமும் இறுதியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் எழுத்து நீங்கிப் பன்னிரண்டு இலக்கமாயிற்று. நாளெண் 400 வரமுடியாது என்பது ஒரு படிவ விதி. வகையாக மொழிபெயர்த்தால் ‘எழுத்துச்சரம்’ என்பதே எஞ்சும். பிறப்பு, பால், ‘வி’ எழுத்து குறித்த வாக்காளர் தகுதி ஆகிய யாவும் அச்சொல்லுள் மறைகின்றன. மறைவது சில வேளை நன்றென்றும் கூறலாம். சோதனைச்சாவடியில் நின்றவன் வகையைப் படிக்கவில்லை, எண்ணையே படித்தான்.

பெயரின் நிலை இதனினும் கடினம். தந்தை பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் எழுதுவது நம் வழக்கு. குடும்பப்பெயர் என்ற நிறுவனம் நம்மிடம் இல்லை. 1980களில் இவ்வூரிலிருந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றோர் நிரப்பிய படிவங்களில் அக்கட்டம் கட்டாயக் கட்டம். வெறுமையாய் விட்டால் விண்ணப்பமே செல்லாது. ஒருவர் தந்தை பெயரை இட்டார். இன்னொருவர் தம் பெயரையே இட்டார். ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று குடும்பப்பெயர் அமைந்த காட்சியை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். வாயிலிலே சரிக்கட்டிய பொய் பின்னர் வகையாக உறைந்து, வங்கி, பள்ளி, மருத்துவமனை எங்கும் மெய்யாக உலவுகின்றது. இங்கே மொழிபெயர்ப்பில் விடுபட்டது எதுவுமில்லை. படிவ விதி முழுமையாக, பிழையின்றி வகையாகியுள்ளது, மூலமே பிழையானது. தனியாள், கூட்டாளர், தாபனம் என்று மூவுருவம் வகுத்த 1894ஆம் ஆண்டின் எழுத்தர், உடைமையுள்ளோரின் பன்மையை உணர்ந்திருந்தார். புகலிடம் கேட்டு வந்தவரின் பெயருக்கு இரண்டாவது உருவம் வகுக்க எவரும் முனையவில்லை.

எஞ்சியிருப்பது 64 என்ற கூட்டுத்தொகை. 1970களில் பேர் மாட்டின்-லொவ் வகுத்த வகைக்கோட்பாட்டின் வழிவந்த அக்டா, இட்ரிஸ் முதலிய மொழிகளில், பங்குகளின் கூட்டு 64 என்பதையே வகையின் பகுதியாக எழுதலாம். அவ்வாறு எழுதினால், மூத்தவர் இளையவருக்கு இரண்டு பங்கு விற்கும்பொழுது, விற்பனைக்குப் பின்னரும் கூட்டு 64 என்பதற்கான நிறுவலை நிரல் தரவேண்டும்; தராவிடில் தொகுப்பி ஏற்காது. வெளியிலிருந்து பங்குப்பட்டியல் ஒன்று வந்து சேரும் இடத்திலோ, கூட்டிப் பார்ப்பதைத் தவிர அம்மொழிகளுக்கும் வேறு வழியில்லை. 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற் சட்டத்தால் இலங்கை தனக்கெனப் பதிவுமுறை வகுத்துக்கொள்ளும் வரையில், துறைமுகப் பதிவாளர் மைப்பேனாவோடு அமர்ந்து செய்த வேலையும் அதுவே.